சார்லஸ் லிஞ்ச்: சட்டம் மன்னித்த சாட்டையடி

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு கும்பல் கூடி ஒருவரைத் தண்டிப்பதையும் கொல்வதையும் உலகம் ‘லிஞ்சிங்’ என்று அழைக்கிறது. நம் செய்தி ஊடகங்களும் உச்ச நீதிமன்றமும் அச்சொல்லை அப்படியே எடுத்தாள்கின்றன. அச்சொல்லின் வேரைத் தேடிச் செல்லும்போது நாம் சந்திக்கும் மனிதர் கொள்ளையரோ, தலைமறைவுக் கூட்டத்தின் தலைவரோ அல்லர். சார்லஸ் லிஞ்ச் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தோட்ட உடைமையாளர், வட்டார நீதிபதி, உள்ளூர்க் குடிப்படையின் கர்னல், சட்டமன்ற உறுப்பினர். சட்டத்தை இயற்றிய அவையிலும், சட்டப்படி விசாரிக்கும் இருக்கையிலும், ஆயுதம் தாங்கிய படையின் முன்னணியிலும் அவரே இருந்தார். அவர் சட்டத்தை மீறியபோது அவருடைய சட்டமன்றமே ஒரு தனிச் சட்டம் இயற்றி அவரைக் காத்தது. அவருடைய வாழ்க்கையை நாம் இன்று படிக்க வேண்டியதற்கு முதற்காரணம் அந்தச் சட்டமே.

நிலமும் உழைப்பும்

சார்லஸ் லிஞ்ச் 1736இல் வர்ஜீனியாவில், இன்றைய லிஞ்ச்பர்க் நகருக்கு அருகில் பிறந்தார். அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து சிறுவயதில் ஒப்பந்தப் பணியாளராக வந்து சேர்ந்தவர். குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்துத் தீர்த்தால் ஒப்பந்தப் பணியாளர் விடுதலை பெறுவார். அவ்வாறு விடுதலை பெற்ற தந்தை, செல்வம் மிக்க புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகளான சாரா கிளார்க்கை மணந்து நிலக்கிழார் ஆனார். ஒரே தலைமுறையில் ஏவல் செய்தவர் ஏவும் இடத்துக்கு உயர்ந்தார்.

இந்த உயர்வு அனைவருக்கும் திறந்திருந்த வழியன்று. அதே வர்ஜீனியாவில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்களின் உழைப்புக்கு முடிவாண்டு என்று எதுவும் இல்லை. தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என்று 1662இலேயே வர்ஜீனியாவில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பிறப்பு ஒருவரின் நிலையை முடிவுசெய்யும் என்பதைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைத்த சமூகம் அது. 1790இல் அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது வர்ஜீனியாவில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 2,92,000க்கும் மேல். அதாவது ஏறத்தாழ ஐந்தில் இருவர். லிஞ்ச் குடும்பம் உட்பட அப்பகுதியின் தோட்டக் குடும்பங்கள் அனைத்தின் செல்வமும் இந்த உழைப்பின் மீதே நின்றது.

சார்லஸின் தந்தை 1753இல் இறந்தார். 1755இல் சார்லஸ், ஆன் டெரெல் என்பவரை மணந்து, ஸ்டான்டன் ஆற்றங்கரையில் பெட்ஃபோர்டு கவுண்டிக்குரிய நிலத்தில் குடியேறினார். கவுண்டி என்பது நம் வட்டத்தையோ சிறு மாவட்டத்தையோ ஒத்த நிர்வாகப் பிரிவு. ‘கிரீன் லெவல்’ என்று பெயர் பெற்ற அந்தத் தோட்டம் இன்றைய அல்டவிஸ்டா நகரில் உள்ளது.

சத்தியம் செய்த குவேக்கர்

லிஞ்சின் தாய் குவேக்கர் சமயக் குழுவில் சேர்ந்தவர், மனைவியும் குவேக்கர். சார்லஸும் அக்குழுவில் பொறுப்பு வகித்தார். குவேக்கர்கள் போரை மறுத்தவர்கள். மனிதர் அனைவரிடத்தும் இறையொளி உண்டு என்று நம்பியவர்கள். கடவுளின் பெயரால் சத்தியம் செய்வதைத் தவறென்று கருதியவர்கள். அடிமைமுறையைக் கைவிட வேண்டும் என்ற விவாதமும் அந்த ஆண்டுகளில் அவர்களிடையே வலுத்துவந்தது.

1766இல் லிஞ்ச் கவுண்டி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பதவியேற்கச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். அவர் செய்தார். 1767இன் இறுதியில் குவேக்கர் குழு அவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது.

கவுண்டி நீதிபதி என்னும் பதவியை நாம் இன்றைய பொருளில் புரிந்துகொள்ளக் கூடாது. அதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. நிலமும் செல்வாக்கும் போதுமானவை. உள்ளூர்ப் பெருநிலக்கிழார்கள் சிலர் ஒன்றாக அமர்ந்து வழக்கு விசாரித்தார்கள், வரி விதித்தார்கள், சாலை, பாலம், ஏழை நிவாரணம் என அனைத்தையும் தீர்மானித்தார்கள். காலி இடத்துக்கு யாரை நியமிக்கலாம் என்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தவர்களும் அவர்களே. குடிப்படை அதிகாரிகளும் பெரும்பாலும் இதே குடும்பங்களிலிருந்து வந்தார்கள்.

உரிமைப் பிரகடனத்தின் அவையில்

1769 முதல் லிஞ்ச், பெட்ஃபோர்டு கவுண்டியின் சார்பில் வர்ஜீனியாவின் குடியேற்றக்காலச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பிரிட்டன் விதித்த வரிகளுக்கு எதிராக அந்நாட்டுப் பொருள்களை வாங்க மறுக்கும் உடன்பாடுகளில் கையெழுத்திட்டார். பிரிட்டனோடு உறவு முறிந்த பிறகு கூடிய வர்ஜீனிய மாநாடுகளிலும் பங்கேற்றார்.

1776ஆம் ஆண்டின் மாநாடு உலக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. வர்ஜீனிய உரிமைப் பிரகடனம் அங்கேதான் ஏற்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் வாழும் பகுதியைச் சேர்ந்த பன்னிரண்டு நடுவர்களைக் கொண்ட விரைவான விசாரணை வேண்டும். நாட்டின் சட்டப்படியன்றி எவருடைய சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது. கொடூரமான தண்டனைகள் கூடாது. இவையெல்லாம் அதில் எழுதப்பட்டன. இன்று நாம் நீதிமன்றங்களில் எழுப்பும் வாதங்கள் பலவற்றின் முன்னோடி வாசகங்கள் அவை.

ஆனால் அதன் முதற்பிரிவைக் கூர்ந்து நோக்க வேண்டும். மனிதர் அனைவரும் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள் என்ற வரைவு வாசகத்தைக் கண்டு தோட்ட உடைமையாளர்கள் அஞ்சினார்கள். அடிமைகளுக்கும் அது பொருந்திவிடுமே என்று வாதிட்டார்கள். மனிதர் ஒரு சமூகத்தில் நுழையும்போது அந்த உரிமைகளைப் பெறுகிறார்கள் என்ற பொருளில் ஒரு சொற்றொடர் செருகப்பட்டது. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் அந்தச் சமூகத்தின் உறுப்பினர்கள் அல்லர் என்று அவையினர் கொண்டார்கள். கண்ணெதிரே உழைத்துக்கொண்டிருந்த மக்கள் ஒரு சொற்றொடரால் மனிதர் என்ற கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த அவையில் லிஞ்சும் இருந்தார்.

1780: ஈயச் சுரங்கமும் வால்நட் மரமும்

1778இல் லிஞ்ச் பெட்ஃபோர்டு குடிப்படையின் கர்னல் ஆனார். விடுதலைப் போர் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1780 மே மாதம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. அந்தக் கோடையில் வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் பிரிட்டிஷ் அரசருக்கு ஆதரவானவர்கள், ‘டோரிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள், கிளர்ந்தெழத் திட்டமிட்டதாகச் செய்தி வந்தது. அவர்களுடைய இலக்குகளில் முதன்மையானது அப்பகுதியின் ஈயச் சுரங்கம். துப்பாக்கிக் குண்டுகளுக்கான ஈயம் அங்கிருந்தே கிடைத்தது. பிரிட்டிஷாரிடம் தப்பி ஓட முயன்று பிடிபட்ட கறுப்பினத்தவர் சிலரும் அச்சுரங்கத்துக்கு உழைக்க அனுப்பப்பட்டிருந்தார்கள்.

சட்டப்படி என்ன செய்திருக்க வேண்டும்? வர்ஜீனியாவின் 1776ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை. அதனால்தான் அதற்குக் கடுமையான பாதுகாப்புகளும் இருந்தன. இரண்டு சாட்சிகள் வேண்டும். கவுண்டி நீதிபதிகள் முதற்கட்ட விசாரணை மட்டுமே செய்யலாம். அதன்பின் கைதியை நூறு மைலுக்கும் அப்பால் இருந்த தலைநகரின் பொது நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.

லிஞ்சும் அவருடைய அண்டைப் பிரமுகர்களும் அந்த வழியைப் பின்பற்றவில்லை. சந்தேகத்துக்குள்ளானவர்களைப் பிடித்தார்கள்; தாங்களே கூடி விசாரித்தார்கள்; தாங்களே தண்டித்தார்கள். சாட்டையடி, சொத்துப் பறிமுதல், கட்டாய விசுவாசப் பிரமாணம், கட்டாயப் படைச்சேர்ப்பு ஆகியவை தண்டனைகள். லிஞ்சின் வீட்டு முற்றத்தில் நின்ற வால்நட் மரத்தில் கட்டிவைத்து முப்பத்தொன்பது அடிகள் கொடுக்கப்பட்டன என்றும், சுதந்திரத்தை வாழ்த்திக் குரலெழுப்பும் வரை அவிழ்த்துவிடப்படவில்லை என்றும் அப்பகுதியின் மரபுக் கதை சொல்கிறது. சத்தியம் செய்ததற்காகத் தன் சமயக் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் பிறரைச் சாட்டை முனையில் சத்தியம் செய்ய வைத்தார்.

அப்போது ஆளுநராக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், சட்டம் பயின்றவர். கிளர்ச்சியாளர்களை உடனே பிடித்த லிஞ்சின் செயலை அவர் கடிதம் எழுதிப் பாராட்டினார். பின்னர் அவர்கள் முறைப்படி விசாரிக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அக்கடிதத்தில் கேட்டுக்கொண்டார். பாராட்டைப் பெற்றுக்கொண்ட லிஞ்சுக்கு நிபந்தனையை மீறியதற்காக எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை.

1781 மார்ச் 15 அன்று வட கரோலினாவின் கில்ஃபோர்டு கோர்ட் ஹவுஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் லிஞ்ச் ஒரு துப்பாக்கிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். களம் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் வசமானது. ஆனால் அவருடைய படை பெரும் இழப்புக்குள்ளானது. அதே ஆண்டு அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த அந்தக் கார்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவில் தலைமை ஆளுநராகி நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர்.

யாருக்கு அது புதிது?

லிஞ்சின் விசாரணைமன்றம் சட்டத்துக்குப் புறம்பான புதுமை என்றே பெரும்பாலான வரலாறுகள் எழுதுகின்றன. வழக்கறிஞர்களாகிய நாம் இங்கே சற்று நின்று கேட்க வேண்டும்: யாருக்கு அது புதுமை?

வர்ஜீனியாவில் 1692 முதலே, மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்ட அடிமைகளுக்கெனத் தனி விசாரணை முறை இருந்தது. அவர்களுக்கு நடுவர்குழு இல்லை. தலைநகரின் நீதிமன்றம் இல்லை. உள்ளூர் நீதிபதிகள், அதாவது உள்ளூர் அடிமை உடைமையாளர்கள், கூடி விசாரித்து அங்கேயே தூக்குத் தண்டனை வரை விதிக்கலாம். தோட்டத்துக்குள்ளோ அந்த விசாரணையும் தேவையில்லை. உடைமையாளர் திருத்தும் நோக்கில் அடிக்கும்போது அடிமை இறந்தால் அது கொலைக்குற்றம் ஆகாது என்று 1669ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. தன் சொத்தைத் தானே அழிக்க எவரும் விரும்பமாட்டார் என்பது அச்சட்டம் சொன்ன காரணம். 1705ஆம் ஆண்டின் அடிமைச் சட்டத் தொகுப்பு இதை மேலும் உறுதிசெய்தது.

எனவே மரம், கயிறு, சாட்டை, உடைமையாளரே நீதிபதியாக அமர்தல் ஆகிய எதையும் லிஞ்ச் 1780இல் கண்டுபிடிக்கவில்லை. அவரும் அவர் அண்டையரும் தம் வாழ்நாள் முழுதும் கறுப்பினத்தவர் மீது சட்டப்படியே செலுத்திவந்த அதிகாரத்தை அந்தக் கோடையில் சுதந்திர வெள்ளையர்கள் மீதும் செலுத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வெள்ளையர்களாக இருந்ததால்தான் அது சட்டமீறல் என்று அடையாளம் காணப்பட்டது. பன்னிரண்டு நடுவர்கள் எங்கே என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. வயலில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியே மறுக்கப்பட்டிருந்தது.

இத்தொடர்பு நாமாகக் கற்பித்துக்கொண்டதன்று. 1782இல் லிஞ்ச் எழுதிய ஒரு கடிதத்தில்தான் ‘லிஞ்ச் சட்டம்’ என்ற தொடர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாகக் காணப்படுகிறது. டோரிகள் மீது அச்சட்டம் பிரயோகிக்கப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்றாக, அவர்கள் கறுப்பினத்தவரோடு தொடர்பு வைத்திருந்ததை அக்கடிதம் குறிப்பிடுகிறது. இதன் பின்னணி தெளிவானது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் தரப்பில் ஆயுதம் ஏந்த வந்தால் விடுதலை என்று அறிவித்திருந்தார். போர் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் தோட்டங்களை விட்டு ஓடினார்கள். ஆகவே வெள்ளை ஏழையும் கறுப்பு அடிமையும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே தோட்ட உடைமையாளர்களுக்கு ஆபத்தாகத் தோன்றியது. அந்தப் பேச்சைத் தண்டிப்பதற்கும் லிஞ்சின் பெயரில் ஒரு ‘சட்டம்’ இருந்தது.

மன்னிப்புச் சட்டம்

போர் முடியும் தறுவாயில் தண்டிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்கப் போவதாக எச்சரித்தார்கள். தாக்குதல், சட்டவிரோதக் காவல், சொத்துப் பறிப்பு என்று வழக்குக்கு இடம் இருந்தது. 1782இல் வர்ஜீனிய சட்டமன்றம் தலையிட்டது. வில்லியம் பிரெஸ்டன், ராபர்ட் ஆடம்ஸ், ஜேம்ஸ் கேலவே, சார்லஸ் லிஞ்ச் ஆகியோரையும் அவர்களோடு சேர்ந்து செயல்பட்டவர்களையும் அனைத்து வழக்குகளிலிருந்தும் தண்டனைகளிலிருந்தும் விடுவித்து ஒரு சட்டம் இயற்றியது. அவர்கள் எடுத்த நடவடிக்கைகள் சட்டத்தால் முழுமையாக அனுமதிக்கப்பட்டவை அல்ல என்பதை அச்சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் ஆபத்து நெருங்கியிருந்ததால் அவை நியாயமானவை என்று அறிவித்தது.

இந்த அமைப்பை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். நடந்தது சட்டமீறல் என்பது மறுக்கப்படவில்லை, பதிவுசெய்யப்பட்டது. பிறகு அந்தப் பதிவின் விளைவு மட்டும் துடைக்கப்பட்டது. அடிபட்டவரின் முதுகில் தழும்பு இருந்தது. ஆனால் அதை எடுத்துக்காட்ட நீதிமன்றக் கதவு இல்லை. அந்தச் சட்டத்தை இயற்றிய அவையும் அதனால் காக்கப்பட்டவர்களும் ஒரே வர்க்கத்தினர். லிஞ்ச் முன்பு அதே சட்டமன்றத்தில் அமர்ந்தவர். 1784 முதல் 1789 வரை மாநிலத்தின் மேலவையில் மீண்டும் அமர்ந்தார்.

லிஞ்சின் ஆதரவாளர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள்: அவருடைய மன்றம் உயிர்ப்பலி வாங்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர்கள் தம் தரப்பைச் சொல்ல இடமளித்தது, சிலரை விடுவித்தது, பின்னாளின் கொலைவெறிக்கு அவர் பெயரைச் சூட்டியது அநீதி. மரபுவழி வரலாறுகளும் ஏறத்தாழ இவ்வாறே சொல்கின்றன. அதனை நாம் ஏற்றுக்கொள்வதில் தடையில்லை. நம் கவலை லிஞ்ச் எத்தனை கொடியவர் என்பதன்று. செல்வாக்குள்ளவர்கள் கூடிச் செய்த சட்டமீறலை அவசரம் என்ற ஒரு சொல்லால் சட்டமே கழுவிவிடலாம் என்ற முன்னுதாரணம் அங்கே உருவானது. சாட்டையடி சில மாதங்களில் ஓய்ந்தது, முன்னுதாரணம் ஓயவில்லை.

பெயர் சென்ற வழி

சார்லஸ் லிஞ்ச் 1796 அக்டோபர் 29 அன்று இறந்தார். லிஞ்ச்பர்க் நகரின் பெயர் இவருடையதன்று. அந்நகர் எழுந்த நிலம் இவருடைய சகோதரர் ஜான் லிஞ்சுக்கு உரியது. ‘லிஞ்ச் சட்டம்’ என்ற பெயருக்கும் அண்டைக் கவுண்டியைச் சேர்ந்த வில்லியம் லிஞ்ச் என்ற இன்னொருவர் உரிமை கோரியதுண்டு. அவரும் குடிப்படை அதிகாரியே, அவரும் வர்ஜீனியரே. எந்த லிஞ்ச் என்ற வழக்கில் யார் வென்றாலும் பிறப்பிடம் மாறுவதில்லை.

முதலில் அச்சொல் சாட்டையடியையே குறித்தது. 1830களில் அது கொலையையும் குறிக்கத் தொடங்கியது. 1836இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிரான்சிஸ் மக்கின்டோஷ் என்ற சுதந்திரக் கறுப்பினத் தொழிலாளரை ஒரு கும்பல் மரத்தில் கட்டி உயிரோடு எரித்தது. அவ்வழக்கை ஆராய்ந்த பெருநடுவர்குழுவிடம் நீதிபதி லூக் லாலெஸ், அது சிலருடைய செயல் என்றால் தண்டிக்கலாம், பெருந்திரளின் செயல் என்றால் அது மனிதச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்ற கருத்தை முன்வைத்தார். எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. அதைக் கண்டித்து எழுதிய இதழாசிரியர் எலைஜா லவ்ஜாய் அடுத்த ஆண்டே இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், அச்சொல் கறுப்பின மக்களின் உடல்மீது நிலைகொண்டது. தஸ்கீகி நிறுவனத்தின் பதிவுகளின்படி 1882 முதல் 1968 வரை கும்பல்களால் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களுள் 3,446 பேர் கறுப்பினத்தவர். ஒழுக்கத்தைக் காக்கவே இக்கொலைகள் என்ற பொய்யை 1892 முதல் ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் ஆவணங்களால் உடைத்தார். மெம்ஃபிஸ் நகரில் தம் நண்பர்கள் கொல்லப்பட்டதன் பின்னணியில் வணிகப் போட்டி இருந்ததை அவர் வெளிப்படுத்தினார்; அதற்கு விலையாக அவருடைய அச்சகம் தகர்க்கப்பட்டது. 1900இல் ஜார்ஜ் ஹென்றி வைட் என்ற கறுப்பின உறுப்பினர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதற்கெதிரான முதல் மசோதாவைக் கொண்டுவந்தார். அது தோற்றது. 1922இல் கீழவை நிறைவேற்றிய மசோதாவை மேலவையின் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப்பேசியே முடக்கினார்கள். கும்பல் படுகொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில்தான், 1955இல் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மட் டில்லின் பெயரில் நடைமுறைக்கு வந்தது. லிஞ்சைக் காக்கும் சட்டம் இரண்டே ஆண்டுகளில் வந்தது. லிஞ்சிங்கைத் தடுக்கும் சட்டம் வர முதல் மசோதாவிலிருந்து 122 ஆண்டுகள் ஆயின.

நம் சட்டப் புத்தகத்தில்

அச்சொல் நம் நாட்டுக்கும் வந்துசேர்ந்துள்ளது. 2018இல் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் கும்பல் படுகொலைகளைத் தடுக்க வழிகாட்டுதல்களை வகுத்து, அதற்கெனத் தனிக் குற்றத்தை உருவாக்க நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, பாலினம், பிறப்பிடம், மொழி போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்வதைத் தனியாகக் குறிப்பிட்டுத் தண்டிக்கிறது.

அதே சமயம், 1782ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறவினர்களும் நம்மிடையே உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த 1919ஆம் ஆண்டிலேயே, பஞ்சாபில் ராணுவச் சட்டத்தின் கீழ்ச் செயல்பட்ட அதிகாரிகளைக் காக்கும் சட்டத்தைக் காலனிய அரசு நிறைவேற்றியது. நம் அரசமைப்பின் 34ஆம் கூறும், ராணுவச் சட்டம் நிலவிய பகுதியில் ஒழுங்கைக் காக்கச் செய்த செயல்களுக்காக எவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும், அங்கு வழங்கப்பட்ட தண்டனைகளைச் செல்லத்தக்கவையாக்கவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

சட்டம் பயிலும் மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கும்பலை முகமற்ற கூட்டம் என்று பாடநூல்கள் விவரிக்கும். சார்லஸ் லிஞ்சின் கூட்டத்துக்கு முகம் இருந்தது, பதவி இருந்தது, முகவரியும் இருந்தது. ஒரு வன்முறை வழக்கின் கோப்பை எடுக்கும்போது அடித்தவர்களின் பெயர்ப்பட்டியலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். புகாரைப் பதிய மறுத்தவர், சமாதானம் பேச அழைத்தவர், சாட்சியைக் கலைத்தவர், அரசின் அனுமதி இல்லை என்று வழக்கை மூடியவர் ஆகியோரின் பெயர்களையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். லிஞ்சின் சாட்டையடிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அந்த வால்நட் மரத்தடியில் நின்றவர்கள் மட்டுமல்லர். சட்டமன்றத்தில் அமர்ந்து கை தூக்கியவர்களும்தான்.